பெயர் சொல்லாத வாய்

பெர்மெத்தின் தந்தையாருக்கு மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம். உங்கள் நலத்தை அல்லாவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வசந்தத்திலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. இதை மாஸ்கோ போகும் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறைமேல் உங்கள் பெயரைப் பெர்மெத்தான் எழுதினாள்.

ஆப்ரிகாட் கூரையில் காய்கிறது. இந்த வருடம் நல்ல காய்ப்பு, வாங்கத்தான் ஆளில்லை. பெர்மெத் உயர்ந்துவிட்டாள். உங்கள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி ஆடு ஓட்டுகிறாள்.

எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என் தங்கை கூப்பிட்டாள். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாளாம். நான் மணப்பெண்ணாய் வந்த நாளில் என் பிறந்த ஊர் வெறும் பக்கத்து ஊர். இன்று வேறு நாடு. என் சிவப்பு சோவியத் பாஸ்போர்ட்டைக் கொடுத்த நாடோ இப்போது எங்கேயும் இல்லை. குடியுரிமைக் காகிதம் இல்லாமல் சாவடியில் விடமாட்டார்கள். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் குடியுரிமை அதிகாரிகள் ஊருக்கே வந்தார்கள். நம் நிக்காஹ் எங்கும் பதிவாகவில்லையே, அதனால் நான் யார் மனைவி என்று உங்கள் பெயரை நானும் சாட்சிகளும் வாயால் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்வார்கள். மகளை எழுதித் தரச் சொல்கிறேன் என்றேன். கூடாதாம். தலையாட்டினாலும் செல்லாதாம். பெர்மெத் சின்னப் பெண், அவள் சாட்சி எடுபடாது.

உங்கள் தம்பி முறைக்காரர் மனைவி சாய்ராகான் சாட்சிக்கு வந்தாள். அவளும் இந்த வீட்டு மருமகள்தானே, மூத்தவர் பெயரை எப்படிச் சொல்வாள்? உயரமானவர், குதிரையிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர் என்று சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நகரத்திலிருந்து வந்த அதிகாரிப் பெண் சிரிக்கவில்லை.

"நீங்க எந்த நாட்டு ஆளுங்கறதையும் வீட்டுக்காரர்கிட்டயே குடுத்து வச்சிருக்கீங்களா அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

சாய்ராகான் விடவில்லை. "பேரு சொல்ற ஆம்பளைங்க எல்லாரும் மாஸ்கோவுல ரோடு பெருக்கறாங்க தங்கச்சி. அங்க போயி கேளு."

அடுத்த மாதம் மறுபடி வருவார்களாம். அதுதான் கடைசித் தடவை.

கூச்சம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். கூச்சத்தை விழுங்கிவிடலாம். உங்கள் அம்மா தன் கணவர் பெயரை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அவர் இறந்த அன்று உடல்மேல் விழுந்து. அந்தக் குரல் இன்னும் இந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்கள் பெயர் என் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது.

வியாழக்கிழமை, இறந்தவர்களுக்கு வாசம் போய்ச் சேரட்டும் என்று எண்ணெயில் மாவு பொரித்தேன். தாத்தா, பாட்டி என்று வரிசையாகச் சொல்லி ஓதிய பெர்மெத், அப்பாவுக்கும் சேர்த்து ஓதவா என்று கேட்டாள். அடித்துவிட்டேன். பிறகு இருவரும் அழுதோம். அந்நேரம் நம் நாய் எழுந்துபோய், வாசற்கதவருகே யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறது. நான் கதவைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

முடிந்தால் வந்துவிடுங்கள். உங்கள் பெயரை நீங்களே அந்த மேசைமுன் சொல்லிவிட்டுத் திரும்பிப் போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

வராவிட்டால் அன்று நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே என் அம்மா காத்திருக்கிறாள். நான் சொல்லப்போவது ஒப்பாரி அல்ல, வெறும் பதில்தான் என்று உங்களுக்குத் தெரியட்டும். அல்லா உங்களைக் குளிரிலிருந்து காக்கட்டும். எங்கே இருந்தாலும் அன்று காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிட்டதும், இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவி,
அனார்கான்