ராஜையன் வீட்டுப் பட்டாபிஷேகம்

1935 ஜூன் 18, செவ்வாய்

காலையில் தபாலாபீஸ் போய்ப் படச் சுருள்களை அனுப்பினேன். ஒன்று மூணாறு தேயிலைத் தோட்டத்து டாக்டருக்கு. 'மேலே லேகியம் என்று எழுதி அனுப்பவும்' என்று கேட்டிருந்தார். எழுதினேன். தபால் குமாஸ்தா சுருளைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாஷே, வைத்தியமும் தொடங்ஙியோ?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பானையும் வாழைக்குலையும் வரையச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. பென்ஷன் வாங்கியபின் எனக்கு வரைய ஆசையாக இருந்ததை வரைகிறேன். மனித உடம்பு, உடுப்பில்லாமல். அச்சுக் கல்லில் வரைந்து ஆரியசாலை அச்சுக்கூடத்தில் அடித்து நானே விற்கிறேன். தலை துவட்டும் பெண், எண்ணெய் தேய்க்கும் பெண், தூங்கி எழுந்தவள். வக்கீல்களும் டாக்டர்களும் வாங்குகிறார்கள். வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.

திரும்பும் வழியில் ராஜையன் வீடு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவன் வரைந்த ராமர் பட்டாபிஷேகப் படம், எதிரே விளக்கு. ஒரே பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு டிராயிங் மாஸ்டர்கள். ஒரே வருஷம் ஓய்வு. வலியசாலையில் அவன் பட்டாபிஷேகம் தொங்காத வீடு அபூர்வம். சாலைக் கடைத்தெருவில் வெற்றிலைக் கடையில்கூட ஒன்று பார்த்தேன். ராமரின் தோள் பலகை மாதிரி இருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. குங்குமம் வைத்துவிட்டால் தோள் எப்படி இருந்தால் என்ன?

எனக்கு ஒரு சுவர் வேண்டும். ஒரே ஒரு சுவர்.

ஜூன் 23, ஞாயிறு

கார்த்தியாயனி வந்தாள். நாடகக் கம்பெனியில் இருந்தவள். இப்போது கம்பெனியும் இல்லை, வேஷமும் இல்லை. என் படங்களில் இருப்பவள் அவள்தான். அச்சுக்கூடத்து மாடி அறையில் வரைகிறேன். என் மனைவி விஜயமும் கூட வருவாள். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: "வரையுங்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா நான் அங்கேதான் இருப்பேன்." இருக்கிறாள், அரிவாள்மணையோடு. இப்போது அவர்கள் இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

இன்று கார்த்தியாயனி கேட்டாள். "மாஷே, என்னை எத்தனை வீட்டுச் சுவருல தூக்கியிட்டிருக்கு?"

"நிறைய வீட்டில் இருக்கிறாய்" என்றேன்.

"இருக்கு, செரி. ஆராச்சும் காணுதோ?"

விஜயத்தின் அரிவாள்மணை நின்றது. நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

நவராத்திரிக்குச் சபை மண்டபத்தில் சித்திரக் காட்சி வைக்கிறார்களாம். செக்ரட்டரி வக்கீல் சுந்தரராமன். 'தலை துவட்டும் பெண்'ணைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமிட்டியில் ராஜையனும் இருக்கிறான். இருக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ராஜையனே வந்து சொன்னான். ஆள் விட்டு அனுப்பியிருக்கலாம். நேரில் சொன்னால்தானே அவனுக்கு ருசி.

"ஓய் ஸ்ரீகண்டா, கோவிச்சுக்கப்படாது. பெண்டுகள் குழந்தைகள் வர்ற இடமாக்கும்."

"கோபுரத்துப் பொம்மையைப் பெண்டுகள் பாக்கறதில்லையா?"

"அது கல்லு ஓய். கல்லுக்குத் தலை ஈரமாறதில்லை. உம்ம படத்துலே தண்ணி சொட்டறது. கதவைத் தட்டாம உள்ளே நொழைஞ்சுட்டாப்பல இருக்கு. அதொண்ணும் நம்ம சபைக்குச் சரிவராது."

எழுந்து போகும்போது அவன் சிரித்துக்கொண்டே, "நன்னா விக்கறதுன்னு கேள்வி. எந்த ஆத்துச் சுவர்லே இருக்கு, சொல்லும் பாப்போம்" என்றான்.

காபி பிரமாதம் என்று விஜயத்திடம் வேறு சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 10, புதன்

வகுப்பில் ஒரு வகைப் பையன் உண்டு. எதிரே மேஜைமேல் பானை இருக்கும். அவன் பானையைப் பார்க்கமாட்டான். பக்கத்துப் பையன் தாளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பானை கோணிக்கொண்டு போகும். எத்தனை பேரைப் பொறுமையாகத் திருத்தியிருக்கிறேன்! "பானையைப் பாருடா, பக்கத்தில் என்ன இருக்கு?" என்று.

இன்று நான் அந்தப் பையன். தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த ராமர் தோள் பலகை. சுத்தப் பலகை! ஒருத்தன் கண்ணிலேயும் படலையே, எல்லாரும் குருடா?

ஜூலை 13, சனி

கோவிலில் பார்த்தேன். பிரகாரத்தில் இரண்டு பேர் நின்று ராஜையனிடம் பட்டாபிஷேகம் கேட்டார்கள். எல்லோர் எதிரிலும், உரக்கக் கேட்டார்கள். என்னிடம் கேட்கிறவர்கள் முதலில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

கர்க்கடக மாதம் பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. மத்தியானம் ராஜையன் மனைவி பாகீரதி வந்தாள். ஒரு கையில் குடை. மறு கையில் பழம்புடவையில் சுற்றிய பட்டாபிஷேகம். ராஜையன் சுசீந்திரத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று போயிருக்கிறான்.

"அண்ணா, ஓடு ஒழுகி, தண்ணி சுவரோட இறங்கிடுத்து. கண்ணாடிக்குள்ளேயும் போயிருக்குமோன்னு பயமாயிருக்கு. அவர் வர்றதுக்குள்ளே உணத்திச் சரி பண்ணித் தரணும். கடைக்காரன்கிட்டே கொடுத்தா ஆணி அடிக்கறேன்னு கண்ணாடியை உடைச்சு வெப்பான்."

"வெச்சுட்டுப் போங்கோ மன்னி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எழுதக்கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. எங்கே கறை பிடித்திருக்கும்? லக்ஷ்மணன் முகமா? சிம்மாசனமா?

ஜூலை 22, திங்கள்

லக்ஷ்மணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறை ஓரத்தோடு நின்றுவிட்டது.

மாடி அறைக்கு எடுத்துக்கொண்டு போய்த்தான் பிரித்தேன். இன்று கார்த்தியாயனி வருகிற நாள் இல்லை, விஜயமும் வரவில்லை. பின்பலகை ஊறியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்தேன். படத்துக்கும் பலகைக்கும் நடுவே ஈரம் தாங்கப் பழைய பத்திரிகைக் காகிதம் வைப்பது எல்லோருக்கும் வழக்கம். இங்கே கெட்டிக் காகிதம் ஒன்று, படத்தின் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தது. திருப்பினேன்.

தலை துவட்டும் பெண்.

என் கல், என் அச்சு, ஓரத்தில் என் கையெழுத்து. முன்புறம் ராமர்; பின்புறம் கார்த்தியாயனி. யாரை விட்டு வாங்கினானோ!

திருடா! பெண்டுகள் வர்ற இடமாக்கும்னு சொன்னயே, உங்காத்துக் கூடத்துக்குப் பெண்டுகள் வர்றதில்லையா?

அப்புறம்தான் கட்டங்களைப் பார்த்தேன். படம் முழுக்க, மெல்லிய பென்சிலில், அடிக்கோல் வைத்துப் போட்ட சதுரங்கள். ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று எண்கள். ஒரு படத்தைப் பார்த்து இன்னொன்று வரையப் பையன்களுக்கு நாங்கள் இருவரும் சொல்லிக்கொடுத்த முறை. பெட்டியில் வைத்து ரகசியமாகப் பார்க்கிறவன் கட்டம் போடமாட்டான். வெள்ளை ஓரத்தில் தோள். தூக்கிய கையும் தோளும் மட்டும். அதன் கீழே மறுபடி தோள். மறுபடி. அழித்து அழித்துக் காகிதம் பஞ்சாகப் போயிருந்தது. ஒன்றுகூடச் சரியில்லை. எல்லாம் பலகை.

அப்போது கீழே அச்சுக்கூடத்தில் சுந்தரராமன் குரல் கேட்டது. காட்சி நோட்டீசுக்குப் புரூப் பார்க்க வந்திருக்கிறார். கூப்பிட்டால் போதும். 'செக்ரட்டரிவாள், கொஞ்சம் மேலே வந்துட்டுப் போங்கோ.' அவ்வளவுதான். என் படம் மண்டபத்தில் ஏறும். ராஜையன் நவராத்திரிக்கு வெளியே தலைகாட்டமாட்டான்.

காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை போனேன். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. அந்தத் தோள் கண்ணை உறுத்தியது. இத்தனை வருஷம் வரைந்தவனுக்கு இது தெரியவில்லையா? தராசில் ஒரு தட்டு ஏறினால் இன்னொன்று சும்மா இருக்குமா? கை மேலே போனால் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அவன் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறான். ஒரே கோடுதான் வித்தியாசம்.

காதில் பென்சில் இருந்தது. படியிலேயே உட்கார்ந்தேன். கோட்டைப் போட்டேன். பழக்க தோஷம், பக்கத்தில் 'கீழ்முனையைக் கவனி' என்றும் எழுதினேன்.

நிமிர்ந்தபோது சுந்தரராமன் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார். கூவியிருந்தால் திரும்பியிருப்பார். ஆனால் திருத்திய நோட்டை ஊருக்குக் காட்டும் வாத்தியார் உண்டா? அதில் இப்போது என் எழுத்து இருக்கிறது.

ஜூலை 24, புதன்

பலகையை உலர்த்தி, கெட்டிக் காகிதத்தை இருந்தபடியே வைத்து, புது ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன். பாகீரதி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாள். விஜயத்திடமும் சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ராஜையன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாகீரதி சொன்னா. சிரமம் கொடுத்துட்டாளாமே."

"சிரமமென்ன ஓய்."

"பலகை புதுசா?"

"பழசுதான். ஊறியிருந்தது, உணத்தினேன்."

"ஆணி?"

"ஆணி புதுசு."

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ளே காகிதம்?"

"இருந்ததேதான்."

உட்கார்ந்தான். விஜயம் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். இந்தத் தடவை பிரமாதம் என்று சொல்லவில்லை. போய்விட்டான். அவன் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று தோன்றியது. இன்று பிரிப்பான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சுந்தரராமன் வீடு தேடி வந்தார். என் படத்தை மாட்டுகிறார்களாம். "ராஜையன் பிடிச்ச பிடியை விடலை சார். அதை மாட்டலைன்னா என் படத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்கோன்னுட்டார். பெரிய மனசு."

கார்த்தியாயனிக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்குச் சுவர் கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய மனசு என்ற பேர்? அதையும் அவனே வாங்கிக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறந்தது ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காட்சி நேற்றுத் திறந்தது. தலை துவட்டும் பெண்ணுக்கு உள்வாசல் பக்கத்துச் சுவர். கண்ணாடிக்குக் கீழே என் பெயர்.

சிலர் வேகமாகக் கடந்து போனார்கள். போனவர்களில் சிலர் வேறெதையோ மறந்துவைத்தவர்கள்போல் திரும்பி வந்தார்கள். ஒரு மாமி நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன் கொண்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு போனாள். கார்த்தியாயனி வெளுத்த முண்டும் தோளில் நேரியதுமாக வந்தாள். விஜயம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசாமல் நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

"கொள்ளாம் மாஷே, நல்லாருக்கு" என்றாள் கார்த்தியாயனி கடைசியில். "பின்னே, சுவரு கொஞ்சம் ஈரமாக்கும். எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

நான் சிரித்தேன். எனக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் எதிர்ச்சுவரில் இருந்தது. ராஜையனின் புதுப் படம். தமயந்தி. நளன் பாதிச் சேலையைக் கிழித்துக்கொண்டு போனபின், காட்டில் எழுந்து, நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை நெற்றிக்கு மேலே, அவன் போன வழியைப் பார்க்க.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கீழ்முனை சரியான இடத்தில் இருந்தது. அதோடு விட்டானா? ஊன்றிய கைப்பக்கம் தோள் சற்றே இறங்கியிருக்கிறது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. என் பெண்ணின் தோளில் தண்ணீர் இருக்கிறது. இந்தத் தோளில் அழுகை இருக்கிறது.

எப்போது பக்கத்தில் வந்து நின்றானோ! "எப்படி ஓய்?" என்றான்.

"தோள் நன்னா வந்திருக்கு."

"நல்ல வாத்தியார் அமைஞ்சார்" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அக்டோபர் 9, புதன்

காட்சி முடிந்தது. என் படத்தை மண்டபத்திலிருந்து எடுத்து வந்து நம் வீட்டுக் கூடத்திலேயே மாட்டினேன். விஜயம்தான் ஆணி பிடித்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

தமயந்தியை அச்சடித்துச் சாலைக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்று வாங்கி வந்தேன்.

"இதை எங்கே மாட்டறது?" என்று கேட்டாள் விஜயம்.

"இப்போதைக்கு மாட்டவேண்டாம்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் படத்தை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்தேன். அடிக்கோலை எடுத்து, பென்சிலைச் சீவி, மேலிருந்து கட்டம் போட ஆரம்பித்தேன்.