பத்திரத்தில் எழுதிய பிள்ளை

சிவமயம்

காரைக்குடி
10.2.2019

அன்புள்ள விசாலிக்கு ஆச்சி எழுதுவது.

நானும் உன் மூத்தாரும் மகள் நித்யாவும் நலம். தபாலைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் கேட்க முடியாத விஷயம். இந்த வீட்டில் ஸ்பீக்கரில் போடாமல் யாரும் பேசுவதில்லை. நித்யா காதில் விழுந்தால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவாள். நீயும் தபாலிலேயே பதில் போடு.

பொங்கலன்று உன் வீட்டுக்காரர் லட்சுமணன் தம்பி போனில் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கப் பட்டாளத்தில் இருக்கிறவருக்குக் கல்லூரிச் செலவு முழுக்க அந்த அரசாங்கமே தருமாம். அவருக்கு வேண்டாமென்றால் பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ மாற்றி எழுதலாமாம். அண்ணன் மகளுக்கு மட்டும் முடியாதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

தம்பி ஏற்கெனவே படித்தவர். உனக்குப் படிப்பென்றாலே வேப்பங்காய். உங்களுக்குப் பிள்ளையும் இல்லை, கோபித்துக்கொள்ளாதே, ஆச்சிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அங்கே அது யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. இங்கே என் ஒரே மகள் ராக்கெட், விமானம் என்று உயிரை விடுகிறாள். அவளைப் பெற்ற உன் மூத்தார் இரும்புக்கடையில் ஈ ஓட்டுகிறார்கள். ராக்கெட்டுக்கு எங்கே போக?

நீங்கள் அவளைத் தத்தெடுத்துப் பிள்ளை கூட்டிக்கொண்டால் என்ன? நம் பக்கத்தில் பேர் சொல்ல ஆண்பிள்ளையைத்தான் பங்காளி வீட்டிலிருந்து கூட்டுவார்கள், பெண்ணை யாரும் கூட்டியதில்லை என்று எனக்குத் தெரியாதா? உன் மூத்தார், "ஊரு வாயில விழுகணும்னு நேந்துக்கிட்டியா?" என்றார்கள். "பேருக்குத்தானே. பத்திரத்துல அவுக புள்ள, வீட்டுல நம்ம புள்ள" என்றேன். பட்டம் கையில் வந்ததும் அவள் என் மகள். யோசித்து எழுது.

ஆச்சி தேனம்மை


டெக்சாஸ்
3.3.2019

அன்புள்ள ஆச்சிக்கு விசாலி வணக்கம்.

உங்கள் கடிதத்தை இவர்களிடம் காட்டினேன். அன்றே சரியென்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு மாற்றி எழுத வேண்டுமென்றால், இன்னும் நாலு வருடம் பட்டாளத்தில் இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரமே வெளியே வந்து டல்லாஸில் ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். "எங்க அண்ணன் மகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்" என்கிறார்கள்.

பயம் எனக்குத்தான். நாலு தடவை வயிற்றில் தங்காமல் போனவள் நான். இங்கே ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறோம், எதற்கென்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு பிள்ளை வந்து அந்த அறையில் படுத்து எழுந்தால், என் மனசு பத்திரத்தையா பார்த்துக்கொண்டிருக்கும்? நீங்கள் திருப்பிக் கேட்கிற அன்றைக்கு எனக்குக் கொடுக்க வராமல் போனால் என்ன செய்வீர்கள்? இன்னொரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். மூத்தார் நாராயண் அண்ணனையும் நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்
விசாலி


சிவமயம்

காரைக்குடி
24.1.2021

அன்புள்ள விசாலிக்கு,

பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள் என்று தம்பி சொன்னார். விசாவுக்காக இத்தனை நாள் நடையாய் நடந்தது போதும். இனி என் பாடு நிம்மதி.

தத்துப் பத்திரம் பதிந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை. பதிவாளர், "மனப்பூர்வமா குடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது உன் மூத்தார் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் "ஆமா சார்" என்றேன், சந்தையில் காய் வாங்கியது போல. விமான நிலையத்திலும் அப்படித்தான். திரும்பி வரும்போது திருமயம் தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டிரைவர் பயந்துபோய் சோடா வாங்கி வந்தான்.

அவளுக்கு மழையில் நனைந்தால் தொண்டை கட்டும். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், கெஞ்சாதே, தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடு, அரைமணியில் தானே வந்து தின்பாள். உன்னைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடாதே.

ஆச்சி தேனம்மை


டெக்சாஸ்
16.10.2021

அன்புள்ள ஆச்சிக்கு,

நித்யா நலம். கணக்கில் வகுப்பிலேயே முதல். இவர்கள் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். இருவரும் சேர்ந்து குப்பைத்தொட்டிகளை இடித்துத் தள்ளிவிட்டு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கிறார்கள். நாலு வருடத்துக்கான கையெழுத்தும் போட்டாயிற்று. கல்லூரிச் சலுகை இனி அவள் பேரில்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பட்டாள ஆபீசில் அவளுக்குக் குடும்ப அட்டை எடுக்கப் போனோம். ஆபீசர் முன்னால் சின்னம்மா, சித்தப்பா என்றால் கேள்வி வரும், அப்பா அம்மா என்றே சொல் என்று இவர்கள் காரிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஆபீசில் சொன்னாள். பள்ளியிலும் அதுவே ஆயிற்று. இப்போது வீட்டிலும் வந்துவிட்டது. முதல் தடவை "அம்மா, சாவி எங்கே?" என்று கேட்டபோது நான் சாவியைத் தேடுவது போல அடுத்த அறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

நான் திருத்தவில்லை ஆச்சி. திருத்தியிருக்க வேண்டும். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அவளிடம் கேட்காதீர்கள்.

விசாலி


சிவமயம்

காரைக்குடி
5.12.2021

அன்புள்ள விசாலிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு என்ன வந்தது? இதற்கெல்லாம் நானா அழப்போகிறேன்! கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஊருக்குள் பால்காரியைக்கூட அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கும் அதே பேர்தான் என்று அவளிடம் சொல்லி வை. போன வாரம் "ஹலோ" என்று ஆரம்பித்தவள், "வைக்கட்டுமா" என்கிற வரைக்கும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவேயில்லை. பக்கத்தில் நீ இருந்தாயோ என்னவோ. உன் மூத்தாரிடம் சொன்னேன். "லயன் சரியில்லாம இருந்திருக்கும்" என்றார்கள். லயன் நன்றாகத்தான் இருந்தது.

ஆச்சி


டெக்சாஸ்
2.9.2023

ஆச்சிக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது.

இவர்கள் சண்டைக்குப் போகவில்லை ஆச்சி. யாரும் சுடவில்லை. ஜூன் மாதம் பயிற்சிக்குப் போன இடத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. அவ்வளவுதான். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போனவர்கள். அந்தக் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பார்கள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. வீட்டில் வேறு சத்தமே இல்லாததால் இதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நாராயண் அண்ணனுக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பங்காளி ஒருவர்கூட இல்லாத ஊரில் நித்யாதான் கொள்ளி வைத்தாள். கொடியை மடித்து என் கையில் ஒன்றும் அவள் கையில் ஒன்றும் கொடுத்தார்கள். "அப்பா" என்று அவள் போட்ட சத்தத்தில் துப்பாக்கி பிடித்து நின்ற பையன்கள் கண்ணைத் துடைத்தார்கள். அது யாரும் சொல்லிக்கொடுத்த அப்பா இல்லை ஆச்சி.

போன வாரம் கல்லூரியில் சேர்ந்தாள், விமானப் பொறியியல்தான். பணியில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளை என்பதால் படிப்புக்குக் கொடுப்பதும் கூடியிருக்கிறது என்று ஆபீசில் ஒரு அம்மாள் விளக்கினாள். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னாள். நான் அவள் நீட்டிய காகிதத்தை வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

விசாலி


சிவமயம்

காரைக்குடி
20.11.2024

அன்புள்ள விசாலிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? போனை நீ எடுப்பதில்லை. நித்யாவும் மாதத்துக்கு ஒரு முறை, அவசரமாக. படிப்பு அதிகமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி போன வாரம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆச்சி, ஒங்க நித்யா மேடையில பேசுது பாருங்க!" கல்லூரியில் பட்டாளத்தாருக்கு ஏதோ விழாவாம். கறுப்புக் கோட்டுப் போட்டு, முடியை வெட்டி, எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா! இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம்தான் புரிந்தது. புஷ்பவள்ளி மகன் சொல்லிச் சொல்லிக் காட்டினான். என் அப்பா லட்சுமணன் உயிரைக் கொடுத்ததால் நான் படிக்கிறேன், என் அப்பா கொடுத்த படிப்பு இது என்கிறாள்.

உன் மூத்தார் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரைக்குக் கால்விரலை எடுத்த பிறகு அவர்கள் எதையும் அத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை. "நல்லாத்தான் பேசுறா" என்றார்கள். புஷ்பவள்ளி போன பிறகு மெதுவாக, "நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன்னு அங்குட்டு யாருக்கும் தெரியாதோ?" என்றார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தம்பி தெய்வம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அவரை அப்பா என்று சொன்னதற்கும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசாலி, என் பிள்ளையை நான் கண்ணால் பார்த்தது 2021 ஜனவரியில். முதலில் கொரோனா என்றீர்கள், பிறகு பரீட்சை, பிறகு இந்த இழவு. வருகிற மே மாதம் ஒரு பத்து நாள் அனுப்பு. பட்டம் வாங்கியதும் எனக்குத் திருப்பித் தருவதாகத்தான் பேச்சு, அதை நான் மறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆச்சி தேனம்மை


டெக்சாஸ்
11.2.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

மே மாதம் அனுப்ப முடியாது. காரணத்தை எழுதுகிறேன், முழுதாகப் படியுங்கள்.

பெற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள், படிப்புச் சலுகைக்காகவே போட்ட பத்திரம் இது என்று யாரோ பட்டாள ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆபீசில் விசாரிக்கிறார்கள். நிரூபணமானால் சலுகை நிற்கும், இதுவரை தந்ததைத் திருப்பிக் கேட்பார்கள், அவள் இங்கே இருப்பதே ஆட்டம் கண்டுவிடும். இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. அவள் இப்போது ஊருக்கு வருவது, உங்களோடு போனில் பேசுவது எல்லாமே எதிராகப் போகும் என்கிறார் வக்கீல். நீங்களும் அண்ணனும் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். கொடுத்த நாளிலிருந்து அவள் எங்கள் பிள்ளைதான், உங்களுக்குப் பெரியப்பா பெரியம்மா என்ற உறவு மட்டும்தான், எப்போதும் திருப்பிக் கேட்கமாட்டோம் என்று.

இத்துடன் இருக்கிறது. நித்யாதான் டைப் செய்தாள். பிழை இருக்கக்கூடாது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு அச்செடுத்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில், படித்து முடித்து ஊருக்குப் போகிறாயா என்று நானே கேட்டேன். "நீங்க தனியா இருப்பீங்களேம்மா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை ஆச்சி. போ என்றும் சொல்லவில்லை.

விசாலி


சிவமயம்

காரைக்குடி
9.3.2025

விசாலிக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று, இருவரும். உன் மூத்தார் முதலில் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.

இதை வக்கீல் கேட்டாரோ நீ கேட்டாயோ, நான் விசாரிக்கப்போவதில்லை. என் யோசனையால் உன் புருஷன் போனார். அதற்கு மேல் உன்னிடம் நியாயம் கேட்க எனக்கு எந்த வாய் இருக்கிறது? ஆனாலும் ஆறவில்லையடி. உன்னை வையவும் முடியவில்லை, நன்றாயிரு என்று வாழ்த்தவும் முடியவில்லை. வயிறு எரிகிறது. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

நித்யாவுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். எந்த ஆபீசில் காட்டினாலும் கேடில்லை. இதை மட்டும் கிழித்துவிடு. இனி எழுதமாட்டேன்.

தேனம்மை


சிவமயம்

காரைக்குடி
9.3.2025

அன்புள்ள நித்யஸ்ரீ லட்சுமணனுக்கு, பெரியம்மா எழுதுவது.

நானும் உன் பெரியப்பச்சியும் நலம். நீயும் உன் அம்மா விசாலியும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

கல்லூரி விழாவில் நீ பேசியதைப் பார்த்தோம். மிகவும் நன்றாகப் பேசினாய் என்று பெரியப்பச்சி எழுதச் சொன்னார்கள். உன் அப்பா பேர் விளங்கும்படி படிப்பை முடி. அம்மாவை எப்போதும் தனியே விடாதே. உன்னை விட்டால் அவளுக்கு யாருமில்லை. வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே.

எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாரிசு இல்லாத வீடு ஆகாதென்று பங்காளிகள் யாராவது ஒரு பையனைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த வயதில் எதற்கென்று சொல்லிவிட்டோம்.

என்றைக்காவது ஊர்ப்பக்கம் வந்தால் எங்கள் வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது வந்தால் சந்தோஷமாக இருக்கும்.

இப்படிக்கு
பெரியம்மா
தேனம்மை நாராயண்