கட்டுப் போட்ட கரடி

கிஃபு, பிப்ரவரி 9

அன்புள்ள சாட்சுகி,

பாதுகாப்புச் சுவரொட்டிக்குச் செல்லமான படம் வேண்டுமென்று மேற்பார்வையாளர் குரோகி கேட்டார். இயந்திரத்தில் நசுங்கிய உன் விரலை, வீட்டுக் கதவில் நசுங்கியதாக எழுதிய அதே ஆள்.

இடைவேளைகளில் நீ கற்றுக்கொடுத்தபடியே கரடி வரைந்தேன். கண்கள் தாழ்வாக, தள்ளித் தள்ளி. வாய் ஒரு புள்ளி. வலக்கையில் கட்டு.

"அட, செல்லமா இருக்கே" என்று வாசலிலேயே ஒட்டினார்.

நேற்று வந்த அரசு ஆய்வாளர் சிரித்தார். "கரடிக்கு எந்த மிஷின்ல அடிபட்டுச்சு?"

குரோகியை முந்திக்கொண்டு நான், "மூணாம் நம்பர் மிஷின் சார். கரடி பேரு சாட்சுகி" என்றேன்.

உன் விபத்து பதிவாகிவிட்டது. நீ கற்றுக்கொடுத்ததால்தான், நன்றி.

மார்ச்சோடு என்னை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம். உன்னைப் பார்க்க வருகிறேன். முயல் காது எனக்கு இன்னும் வரவில்லை. இடக்கையால் வரைந்து காட்டு.

உன் பக்கத்து இயந்திரக்காரி