ஓய்வுத் தாளில் போட்ட கையெழுத்து

2, சனி
விடியத்திலிருந்து கச்சான் காத்து. முற்றமெல்லாம் மணல். கொழும்பிலிருந்து கடிதம்: வியாழன் பத்து மணிக்கு பைலட் லைசன் சபை விசாரணை. போன மாசம் நான் பைலட்டா ஏறி, வழி காட்டி துறைமுகத்துக்குள்ள கொண்டு வந்த கப்பல் சுவரில் உரசினதுக்கு. ஆளுக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.
மனுசி ஸரீனா: "லைசனைப் பறிப்பாங்களா?"
"தெரியா."
பக்கத்து வீட்டு ஹாஜியார் இன்னும் நான் பிளேன் ஓட்டுறன் எண்டுதான் நினைக்கார். விளங்கப்படுத்த அலுப்பு.

5, செவ்வாய்
கொழும்புக்கு: சட்டை இஸ்திரி. லைசன் பிரதி 2. பிரஷர் குளிசை. பஸ் சீட்.
நிமல் போன். அண்டைக்கு இழுவைப் படகு ஓட்டினவர். படகு இழுக்கப் பிந்தினது எண்டு கப்பல் கப்டன் எழுதியிருக்காராம்.
"சேர், நீங்க சொன்ன உடனே தானே இழுத்த? என்ட வேலை போகும்."
ஓம். உடனேதான் இழுத்தார். நான்தான் சொல்லப் பிந்தினன். அண்டைக்கு மூணாவது கப்பல். கண் திறந்தபடியே ஒரு நிமிஷம் எங்கேயோ போயிட்டன்.
கப்பல் ஏற முந்தி நிரப்புற ஓய்வுத் தாளில் எட்டு மணித்தியாலம் படுத்தன் எண்டு என் கையெழுத்து. படுத்தது மூணு. வேலைக்கு ஆள் பத்தா, எல்லாரும் அப்படித்தான் போடுற.

6, புதன்
கொழும்பு. மச்சான் வீடு. முழங்கால் நோ. எங்கட மூத்த பைலட் கபூர் நானா போன்: "தம்பி, தாளைப் பத்தி வாய் திறக்காத. எல்லார்ட தாளையும் கிண்டுவாங்க."

7, வியாழன்
சபையில் மூணு பேர். தலைவர் பழைய கப்டன், மெல்லமாக் கதைக்கிற மனுசன். நிமல் வெளி வாங்கில் இருந்தார், மடியில் தொப்பி.
"படகு பிந்தினதா?"
"இல்ல சேர். நான் பிந்தினன்."
"ஏன்?"
"நித்திரை இல்ல."
"தாள்ல எட்டு மணித்தியாலம் போட்டிருக்கே?"
"பொய், சேர்."
எழுதின பேனை நிண்டுது. மற்றவங்களும் இப்படியா எண்டார் தலைவர். என்னைப் பத்தி மட்டும் சொன்னன்.
முடிவு: லைசன் மூணு மாசம் நிறுத்தம். பிறகு வாய்மொழிச் சோதனை. இருபத்திரெண்டு வருஷ வேலைக்குப் பிறகு! நிமலுக்கு ஒண்டும் இல்ல. வாசலில் என் கையைப் பிடிச்சார்.
எல்லார்ட ஓய்வுத் தாளும் வேணுமாம் சபைக்கு. கபூர் நானா போன் எடுக்கிறார் இல்ல.

9, சனி
வீடு.
"மூணு மாசமா?" எண்டா ஸரீனா. கொஞ்சம் கழிச்சு, "அப்ப படுங்க."
லுஹர் தொழுகை முடிய படுத்தன். அஸருக்கு ரெண்டு தரம் எழுப்பினவாம். எழும்பல்ல.

20, புதன்
வெக்கை. கபூர் நானா மெசேஜ்: "எனக்கும் சபைக் கடிதம் வந்திட்டு. என்னத்தச் சொல்ற?"
படுத்த மணித்தியாலத்தச் சொல்லுங்க எண்டு எழுதினன்.