அடுத்த வட்டைக்குப் பெய்த மழை

அன்பு மச்சான்,

இறால் உரித்த கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினேன். கோயில் வெளியில் கூத்துப் பழகுகிறார்கள்; ஒலிபெருக்கியில் யாரோ உங்கள் பாட்டைப் பாடுகிறார். உங்களைவிட நன்றாகவே பாடுகிறார், கோபிக்காதீர்கள். சளி பிடித்த சேவல் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னவள்தானே நான்.

என் மாமியின் மகன் நீங்கள். உங்களுக்குத்தான் நான் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. நீங்கள் வந்து கேட்டபோது, "என்ட மனம் வேற இடத்தில கிடக்கு மச்சான்" என்றேன். "சரி மச்சாள்" என்று சைக்கிளைத் திருப்பினீர்கள். பார்த்தால், அந்த வருடக் கூத்தில் இளவரசியால் வேண்டாமென்று தள்ளிவிடப்படும் இளவரசன் வேஷம் உங்களுக்கே வந்தது! ஊர் வாய் சும்மா இருக்குமா?

கூத்துப் பழக்கிய அண்ணாவியார், "தீயில வேகுறன் எண்டு பாடு, சனம் அழோணும்" என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் வெந்தால் கொள்ளி வைத்தவள் நான்தானே? என் கலியாணப் பேச்சு வேறு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நீங்கள் கூத்துக் களரியில் ஏறியதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். நீங்களோ சொந்தமாகக் கட்டிய பாட்டை எடுத்தீர்கள்:

"அடுத்த வட்டைக்குப் பெய்கின்ற மழையே – உன்னைத்
தடுத்து மறிப்பேனோ நானே?
தொடுத்து வரும்ஈரக் காற்றொன்று போதும் – என்
படுத்த பயிர்நிமிரும் தானே!"

அயல் வட்டை வயல்களில் மழை கொட்ட, தன் வரம்பில் வெறும் காற்றை வாங்கிக்கொண்டு நிற்காதவர் அந்தச் சனத்தில் யார்? எல்லாரும் தங்கள் பயிரை நினைத்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. "நல்ல மனசுகா இவனுக்கு" என்று பக்கத்திலிருந்த பெரியம்மா வெற்றிலையை மடித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகொரு நாள் கேட்டேன். "நெருப்பெண்டு பாடியிருந்தா சனம் அழுதிருக்குமே மச்சான்?"

"நெருப்பெண்டா பத்தவெச்சது ஆரெண்டு கேப்பாங்க மச்சாள். மறுகா உன்னைத்தான் பாப்பாங்க. மழையில ஆரு குத்தம் சொல்ற?"

வவுணதீவில் கலியாணம் முடித்து மனைவி வீட்டோடு போனீர்கள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசி, என் மீன் குழம்பில் புளி கூடிவிட்டதென்று குறை சொல்லாமல் போனதில்லை. போன மாரியில் நீங்கள் கண்ணை மூடியதோடு அதுவும் நின்றது.

நீங்கள் கேட்ட அன்பு என்னிடம் இருக்கவில்லை. இன்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் ஒன்று. இந்த வீட்டை அம்மா சீதனமாகத் தந்தார். உங்களை மறுத்தவள், அதன் வாசலில் தலைகுனியாமல் நின்று, "வாங்க மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டேனே, அந்தத் தைரியத்தைத் தந்தது நீங்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் மச்சாள்