திறப்பு விழாச் செய்தி

மார்ச் 3, ஞாயிறு

இந்த ஊரில் இன்று இன்னொரு பத்திரிகை பிறந்திருக்கிறது. மூன்றாவது. ஊர் வளர்கிறதாம். புறவழிச்சாலை வந்தது, அடுக்குமாடி வந்தது, அதனால் ஆளுக்கொரு வாரப் பத்திரிகையும் வந்தே தீர வேண்டுமாம். புதிய ஆசிரியர் நேற்றுவரை எதிர்வரிசையில் பேனர் அடித்துக்கொண்டிருந்தவர். இன்று முதல் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்துச் சிந்திக்கிறார். என்னத்தைச் சிந்திக்கிறாரோ!

எங்கள் பத்திரிகை முதலாளியான என் அண்ணன் மட்டும் என்ன ஒழுங்கு? அவனுக்கு டைல்ஸ் கடை. பெரிய நாளிதழ் இந்த ஊர்ப் பதிப்பை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய வாரம், "நீ வா, நாமளே ஒண்ணு ஆரம்பிச்சுடலாம்" என்றான். ஆரம்பித்தாயிற்று. கடைக்குப் பின்னால் ஒரு அறை, நான் ஆசிரியர். ஒரு பக்கம் முழுக்கப் பிறந்தநாள் குழந்தைகள், அது அண்ணியின் ராஜ்யம். கடைசிப் பக்கம் முழுக்க அடுக்குமாடிக்காரர் விளம்பரம். நடுவில் யாராவது ரிப்பன் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடி துடைக்க நல்ல தாள் என்று தையல்கடை அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

மார்ச் 8

அண்ணன் இன்று பட்டென்று சொல்லிவிட்டான். "ஜூன் வரைக்கும் பாப்போம். தேறலைன்னா மூடிட்டு டைல்ஸைப் பாக்கறேன்." தலையாட்டினேன். தலைநகரிலிருந்து டிவிக்காரர்கள் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. மூடினால் மூடட்டும், எனக்கென்ன?

எனக்கென்ன என்று எழுதிவிட்டு ஏன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 15, வெள்ளி

எங்கள் தொழிலின் அதிசயத்தை எங்காவது எழுதி வைக்க வேண்டும். ஊரில் அச்சகம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமை அங்கே பள்ளிக்கூடத் தேர்வுத்தாள் ஓடும். எனவே மூன்று பத்திரிகையும் வெள்ளியன்றே அச்சாகிவிடும். கடைக்கு வருவதோ ஞாயிறு காலை. விழாக்கள் நடப்பது சனிக்கிழமை. என்ன செய்வது? நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதிவிடுவது. விழா நடத்துகிறவர்களே செய்தியையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள், கைதட்டல் உட்பட.

இந்த வாரம் கவுன்சிலர் ஆபீஸிலிருந்து ஒன்று வந்தது. நாளைக் காலை புதுக் குடியிருப்புத் தெருக்களுக்குத் தண்ணீர்த் தொட்டி திறப்பு. அங்கே இதுவரை லாரித் தண்ணீர்தான். 'மக்கள் ஆரவாரம் செய்தனர்' என்று எழுதியிருந்தார்கள். அரைத்த மாவு. பொய் சொல்வதுதான் சொல்கிறோம், கொஞ்சம் உருப்படியாகச் சொல்வோமே என்று நானே ஒரு இல்லத்தரசியைப் படைத்தேன். "குழாயைத் திருகினேன், தண்ணீர் கொட்டியது. என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது" என்று அவர் நெகிழ்ந்தார்.

அண்ணி படித்துவிட்டு, "நெஜமாவே யாராச்சும் இப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு படிக்கப்போறா அண்ணி?" என்றேன்.

மார்ச் 16

கவுன்சிலருக்குக் காய்ச்சலாம். விழா ரத்து. தொட்டியைத் திறக்கவே இல்லை. பத்திரிகை அச்சாகிக் கட்டுக்கட்டாக அறையில் கிடக்கிறது. "விடு, யாரு கவனிக்கப்போறாங்க?" என்கிறான் அண்ணன். அவனும் என் கட்சிதான்.

மார்ச் 17, ஞாயிறு

கவனித்துவிட்டார்கள்.

கடையைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம். முன்னால் தையல்கடை அம்மா. ஒரு கையில் காலி வாளி, இன்னொரு கையில் எங்கள் பத்திரிகை. "குழாயில தண்ணி வந்துடுச்சுன்னு போட்டிருக்கீங்க. அதை நம்பி லாரிக்குப் போகாம வீட்லயே இருந்துட்டோம். லாரியும் போயிடுச்சு. திருகினா வெறும் காத்துதான் வருது. எங்கேம்மா தண்ணி?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு சொன்னாளே, அவ எந்தத் தெரு? அவ வீட்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

அண்ணன் மெல்ல டைல்ஸ் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டான். ஆம்பிளை!

"அப்படி யாரும் இல்லை. நான்தான் எழுதினேன். பொய்" என்றேன். அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் பிள்ளைக்காரி ஒருத்தி அழுதே விட்டாள். இன்று முழுக்க அவள் வீட்டில் என்ன செய்வாள்? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எதிர்வரிசைப் பேனர்காரர் இதே செய்தியை எங்களைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார். அவர் வாசலில் ஈ காக்கா இல்லை. நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது? அவரை ஒருவரும் படிக்கவில்லை என்று அந்த மண்டைக்கு ஏறவே இல்லை. எங்களைப் படித்திருக்கிறார்கள். ஒரு வரி விடாமல்.

அவமானமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் பெரிய அவமானம்.

மார்ச் 22, வெள்ளி

முதல் பக்கத் தலைப்பு: 'தண்ணீர் வரவில்லை. வந்ததாக நாங்கள் எழுதியது பொய்.'

அண்ணன் குதித்தான். "அடுக்குமாடிக்காரர் கவுன்சிலருக்குச் சம்பந்திடி! கடைசிப் பக்கமே போயிடும். ஜூன் வரைக்கும்கூட வேண்டாம்னு சொல்றியா?"

அண்ணிதான் பேசினாள். "போடட்டும் விடுங்க. இல்லேன்னா இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க வாசல்ல போய்ப் பிள்ளை போட்டோ கேப்பேன்?"

நான் இத்தனை நாள் கிண்டலடித்த அந்தக் குழந்தைப் பக்கம்தான் இன்று என் தலைப்பைக் காப்பாற்றியது.

மார்ச் 25

கடைசிப் பக்கம் போயே விட்டது.

மார்ச் 30, சனி

மொட்டைப் பக்கத்தில் எதைப் போடுவது? அண்ணியிடம் தெருவுக்கு நாலு அம்மாக்களின் நம்பர் இருக்கிறது. "எந்தத் தெருவுக்கு எப்ப லாரி வந்துச்சு, எந்தத் தெருவுக்கு வரவே இல்லைன்னு கேட்டுப் போடுவோமே" என்றாள். கேட்டோம். தெருவாரியாகப் போட்டோம். தொட்டி இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று மேலே பெரிதாக ஒரு வரி. என் பழைய நாளிதழில் இதைச் செய்தி என்று நீட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். முதல் ஆளாக நான் சிரித்திருப்பேன்.

அச்சகத்தில் போய்ச் சண்டை போட்டேன். தேர்வுத்தாள் மதியமே முடிந்துவிடுகிறதாம். அதற்குப் பிறகு எந்திரம் சும்மாதான் நிற்கிறதாம். இத்தனை மாதம் ஒருவரும் கேட்கவில்லையாம்! என்னையும் சேர்த்துத்தான். இனி எங்கள் பத்திரிகை சனி மாலை அச்சாகும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பேனர்காரரும் லாரி நேரம் போட ஆரம்பித்துவிட்டார். காப்பியடிக்கவும் ஒரு துப்பு வேண்டாமா? நாங்கள் வந்துபோன நேரத்தைப் போடுகிறோம். இவர் வெள்ளிக்கிழமை உட்கார்ந்துகொண்டு, வரப்போகும் நேரத்தைப் போட்டிருக்கிறார். லாரிக்காரருக்கே தெரியாத நேரம். நம்பி நின்ற நாலு தெருவும் வாளியோடு அவர் வாசலில். கடைசியில் அவரையும் படித்துவிட்டார்கள், பாவம்.

அண்ணன் வாசலில் நின்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

மே 10

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்னச் சின்னதாக விளம்பரங்கள். மருந்துக் கடை, சைக்கிள் கடை. இன்று தையல்கடை அம்மாவும் வந்தார். "கண்ணாடி தொடைக்கிற தாள்லயா விளம்பரம்?" என்று கேட்டேன்.

"தொடைக்கத்தான் அந்தப் பேனர்காரர் பேப்பர் இருக்கே" என்றார்.

மே 24

தண்ணீர்த் தொட்டிக்கு மறுபடி தேதி குறித்துவிட்டார்கள். ஜூன் ஒன்று. வாராவாரம் முதல் பக்கத்தில் மூடிய தொட்டியைப் பார்த்துப் பார்த்துக் கவுன்சிலருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது போலிருக்கிறது. வழக்கம்போல் செய்தியும் எழுதி அனுப்பியிருந்தார்கள், ஆரவாரம் உட்பட. அண்ணி அதைக் கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தாள். "முதல்ல நடக்கட்டும்ப்பா. பாத்துட்டு எழுதறோம்."

மே 28

டிவிக்காரர்கள் போன் செய்தார்கள். இந்தச் சனிக்கிழமை நேரில் வர முடியுமா என்று கேட்டார்கள். சனிக்கிழமை எங்களுக்குப் பக்கம் முடிக்கிற நாள் என்றேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டார்கள். சொன்னேன். கேள்விப்பட்டதில்லையாம். நீங்கள் கேள்விப்பட என்ன இருக்கிறது, உங்களுக்கென்ன லாரித் தண்ணீரா என்று கேட்க வாய் வரை வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 1, சனி

ஜூன் வந்துவிட்டது. அண்ணன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த மாதத்துக்கும் தாளுக்குச் சொல்லிவிட்டு வந்து, டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விழாவுக்கு நானே போனேன். வழக்கமான பேச்சு, வழக்கமான துண்டுகள், வழக்கமான அசட்டுத்தனம். பேனர்காரரும் வந்து நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். இப்போதாவது. கவுன்சிலர் குழாயைத் திருகினார். காற்று வந்தது. கவுன்சிலர் என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காற்று. பிறகு பழுப்பாக, பிறகு வெள்ளையாகத் தண்ணீர்.

ஆரவாரம் ஒன்றும் இல்லை. எல்லோரும் தங்கள் வீட்டுக் குழாயில் வாளி வைக்க ஓடிவிட்டார்கள். அழுத அந்தப் பிள்ளைக்காரியும் ஓடினாள். தையல்கடை அம்மா மட்டும் நின்று, ஒரு கை அள்ளிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்ப எழுதும்மா" என்றார்.