வெள்ளைப் பூ வந்தது

பிப்ரவரி 3, திங்கள்
கீமோவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தைப் புரியவைப்பது என் வேலை. இன்று சித்தையன்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் பொன்னழகு என்ற பெண் வந்தார். மார்பில் புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி இரண்டு வழி: வாராவாரம் ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி, அல்லது மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு. இவருக்கு இரண்டின் பலனும் ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் அலைச்சல், முடி கொட்டுவது எல்லாம் படம் போட்டு விளக்கினேன். பிரமாதமாக விளக்கியதாக எனக்கு நினைப்பு.

"நீங்களே ஒண்ணச் சொல்லுங்க சிஸ்டர்." மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்
பூ போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ என்றால் வாராவாரம், சிவப்பு என்றால் மூன்று வாரம். வெள்ளை வந்ததாம். எனக்குச் சுரீரென்று கோபம். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது இதற்குத்தானா?

ஆனால் அவர் முகம் ஏன் வாடியிருக்கிறது? அதுதான் என்னை விடவில்லை.

"வெள்ளை வந்ததும் எப்படி இருந்துச்சு?"

"சுருக்குன்னுச்சு."

ஏன் என்றேன்.

"அன்னைக்குப் பக்கத்துல இருந்த அம்மா சொன்னாக, வாராவாரம் போட்டு வெரலு மரத்துப் போச்சுன்னு. மொட்ட விடியுமுன்ன பறிக்கணும். கண்ணா பாக்குது? வெரலுதேன்."

நான் வைத்திருக்கும் விளக்கத் தாளில் மரத்துப்போவது கடைசி வரி. அன்று அதை வாசித்தேனா? இல்லை.

"டாக்டர்ட்ட கேட்டிருக்கலாமே?"

"உசுரு பொழைக்க வந்த எடத்துல வெரலப் பத்திக் கேட்டா என்ன நெனப்பாக?"

பிப்ரவரி 6, வியாழன்
நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று வார மருந்தில் மரத்துப்போவது குறைவு. ஆனால் ரத்த அணுக்கள் இறங்கும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார். பொன்னழகு அந்த மூன்று வார ஊசியையே போடச் சொன்னார்.

வெளியே வந்ததும், "அப்ப அம்மன் சொன்னது?" என்றேன்.

"சுருக்குன்னு குத்துனதும் அவதேன் சிஸ்டர்."

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள் நான். எனக்கு இப்படித் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 20, வியாழன்
முதல் ஊசி போட்டு ஒன்பது நாள். பொன்னழகுக்குக் காய்ச்சல், 102. சேர்த்தாயிற்று. நான் துருவாமல் இருந்திருந்தால் வெள்ளைப் பூவோடு போயிருப்பாரே — தப்புப் பண்ணிட்டேனா? மாதாவே.

பிப்ரவரி 24, திங்கள்
காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் உப்பில்லை என்று திட்டுகிறார். அப்பாடா.

ஏப்ரல் 15, செவ்வாய்
நான்காவது ஊசி, கடைசி. விரல் நுனியில் லேசான மதமதப்பு மட்டும் இருக்கிறதாம். வார்டுக்குள் பூ கூடாது என்பதால் வாசலிலேயே ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்தார். "நேத்து நான் கட்டுனது."

வீட்டில் ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தளரவில்லை.

விளக்கத் தாளைப் புதிதாக எழுதிவிட்டேன். முதல் வரி: உங்கள் கைக்கு என்ன வேலை?